வக்கீலுக்குக் கிடைத்த அபராதம்

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு மரி சூசை துணையால் நான் இங்கே சுகம். நீ, அத்தான், சின்னவள் எல்லோரும் அங்கே சுகம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா, இல்லை இன்னும் படியேறும்போது படியைத் திட்டிக்கொண்டிருக்கிறாயா?

விடுதியில் இருப்பது ஒரே போன். பின்னால் நிற்பவர்களின் காதெல்லாம் என் பேச்சில்தான் இருக்கும். இது அவர்கள் கேட்க வேண்டிய விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு மேலே படி.

தவக்காலம் தொடங்கிவிட்டதே என்று நேற்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சாமியாருக்கு ஒத்தாசையாக வெளியிலிருந்து ஒரு வயதான சாமியார் வந்திருந்தார். அவர் வரிசையில் கூட்டம் குறைவு. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். முழங்காலில் நின்று வழக்கம்போல ஆரம்பித்தேன். மேஸ்திரியை எதிர்த்துப் பேசினேன், ஆனால் அன்றைக்குத் தப்பு அவர் மேல். அறையில் கூட இருப்பவனைத் திட்டினேன், ஆனால் அவன் சொல்லாமல் என் துண்டை எடுத்தான். ஞாயிறு பூசைக்குப் போகவில்லை, ஆனால் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, நீ பாவத்தைச் சொல்ல வந்தியா, கேஸ் நடத்த வந்தியா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை நீ ஏதாவது எழுதிப் போட்டாயோ என்றுகூட நினைத்தேன். பிறகு பாவத்துக்குப் பரிகாரமாகச் செய்ய வேண்டிய அபராதத்தைச் சொன்னார். ஜெபம் எதுவும் இல்லை.

“இன்னையிலேருந்து ஈஸ்டர் வரைக்கும் உன் மேல யார் என்ன குத்தம் சொன்னாலும் உன் பக்கம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குத்தம் உண்மையா இருந்தாலும் சரி, பொய்யா இருந்தாலும் சரி. எழுதியும் சொல்லக் கூடாது, ஆள் விட்டும் சொல்லக் கூடாது. இதான் உன் அபராதம்.”

“சாமி, அது எப்படிங்க…” என்றேன்.

“பாத்தியா, இப்பவே ஆரம்பிச்சிட்ட” என்றார்.

இன்று காலை விசாரித்தேன். அவர் விடிந்ததும் வேறு எங்கோ போய்விட்டாராம். எங்கே என்று கோயில் கணக்கப்பிள்ளைக்கே தெரியவில்லை. நான் என்ன செய்வேன், சொல். எல்லோரிடமும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
வாய் கட்டப்பட்ட தம்பி

*

மார்ச் 8

அன்புள்ள வக்கீலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். பஸ் ஓட்டிக் களைத்து வந்த மனுஷன் சோற்றை வைத்துவிட்டுச் சிரித்தார். “அந்தச் சாமியாரை நான் பாக்கணும், நாலு வருஷமா என்னால முடியாததை நாலு நிமிஷத்துல முடிச்சிட்டாரே” என்கிறார்.

நான் வேலை செய்யும் இடத்துப் பல் டாக்டரும் இதே ரகம்தான். வாயில் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார். “ராத்திரி பல் தேய்க்கிறதில்லையா? இனிப்பு நிறைய சாப்பிடறீங்களா?” என்று அவர் பாட்டுக்குக் குற்றம் சாட்டுவார். நாற்காலியில் கிடப்பவர்கள் கண்ணாலேயே கெஞ்சுவார்கள். நான் சாமான்களைக் கழுவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். இனி அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான் வரும்.

சரி, கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவானேன்? அப்பாவின் ரேடியோவை உடைத்தது நீதான், பூனை இல்லை. என் கல்யாணத்தன்று மோதிரத்தைத் தொலைத்துவிட்டு யாரோ திருடியதாகக் கதை கட்டியதும் நீதான். பதில் இருந்தால் எழுது பார்ப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்தச் சலவை ஆலை நீராவிக்குள் நின்று நின்று உடம்பு வற்றிவிடப் போகிறது.

இப்படிக்கு,
இன்னும் பல புகார்களைக் கையில் வைத்திருக்கும் அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகமே என் சுகம். ரேடியோ, மோதிரம் இரண்டையும் படித்தேன். இங்கே வெயில் அதிகம்.

நீ செய்வது கொடுமை. அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

விளையாட்டாக ஆரம்பித்தது, அக்கா, ஆனால் ஒரு மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. சலவை ஆலையில் விஷயம் பரவிவிட்டது. யார் பரப்பினார்கள் என்று கேட்காதே, நானேதான். துணி மஞ்சளாகிவிட்டது என்று மேஸ்திரி கத்துகிறார், நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கத்துவதற்கு எதிரில் ஆள் இல்லாததால் அவருக்கே சீக்கிரம் அலுத்துவிடுகிறது.

என் மிஷினில் துணி விடும் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறேனா? ஓயாமல் பேசுவாள் என்பதால் அவளைக் குருவி என்று கூப்பிடுவார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், இரண்டு குழந்தைகள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு அவள் சூடான உருளைக்குள் விடுவாள். அந்தப் பக்கம் அது இஸ்திரியாகி வரும். விரல் உள்ளே போகாமல் உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் மிஷின் நின்றுவிடும். மடிப்பு தடித்த துணி பட்டாலும் நின்றுவிடும் என்பதுதான் தொல்லை. அவசர நாளில் அந்தக் கம்பியின் மேல் எல்லோருக்கும் எரிச்சல் வரும். அது இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது மிஷின் ஆளான என் பொறுப்பு.

குருவி தினமும் வந்ததும் எனக்கு ஒரு குற்றம் சாட்டுகிறாள். நேற்று, “மழை பெய்யாததுக்கு நீதான் காரணம்” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சின்னவளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
தம்பி

*

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வருவதற்கு முன்பே மறுபடி எழுதுகிறேன். நான் சுகம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை குருவியின் வலது கை உருளைக்குள் போய்விட்டது. நான்கு விரல்களும். மிஷினை நிறுத்திக் கையை எடுப்பதற்குள் வெந்து நசுங்கிவிட்டது. அவள் கத்தவில்லை, அக்கா. அவ்வளவு பேசுகிறவள் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தடுப்புக் கம்பி கழற்றி மிஷின் மேல் வைக்கப்பட்டிருந்தது. யார் கழற்றியது என்று மேஸ்திரி கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மானேஜர் அறைக்குக் கூப்பிட்டு, “கம்பியைக் கழட்டினது நீதானே?” என்று நேராகவே கேட்டார். நான் நின்றேன். அவர் மறுபடி கேட்டார். நான் நின்றேன்.

விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதற்கு மேல் எழுதினால் அது என் பக்கம் பேசியதாகிவிடும். குருவிக்காக வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
தம்பி

*

மார்ச் 25

என் தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். டாக்டரிடம் சாமான் தட்டைக் கீழே போட்டுத் திட்டு வாங்கினேன்.

நீ கழற்றினாயா, இல்லையா? எனக்கு மட்டும் சொல். நான் அக்கா, வெளியாள் இல்லை. இதை எந்தச் சாமியாரும் தப்பென்று சொல்ல மாட்டார்.

எங்கள் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். உன் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். “இப்படி ஒரு அபராதத்தை யாரும்மா குடுத்தது?” என்று அவரே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முதலில் கொடுத்தவரே வர வேண்டும் என்று கட்டாயம் இல்லையாம். வேறு எந்தச் சாமியாரிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் போதுமாம், அவர் அதை எடுத்துவிட்டு வேறு கொடுக்கலாமாம். ஓடு. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடு.

வேலை போனால் அந்த விடுதியில் ஒரு வாரம் இருக்க விடுவார்களா? பேர் கெட்டால் வேறு எந்த ஆலையில் சேர்ப்பார்கள்? சின்ன வயதில் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுவாய். இப்போது பேச வேண்டிய நேரத்தில் இப்படிப் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நிற்கிறாயே.

இப்படிக்கு,
தூங்காத அக்கா

*

மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ தட்டைக் கீழே போடும் அளவுக்குக் கலங்க வேண்டாம். அத்தானையும் கலக்காதே.

நீ சொன்னபடி கோயிலுக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்க் குருவியைப் பார்த்தேன். கை முழங்கை வரை கட்டு. கட்டிலுக்கு மேல் ஒரு கம்பியில் கையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அவளுடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். வேடிக்கை என்னவென்றால், அவள் படுத்திருக்கும் விரிப்பு எங்கள் ஆலையில் இஸ்திரி போட்டது. ஓரத்தில் எங்கள் முத்திரை இருக்கிறது.

வைத்தியம் கம்பெனி செலவில் நடக்கிறது. இன்னும் ஒரு ஆபரேஷன் பாக்கி. அது நடந்தால் இரண்டு விரல்களாவது மடங்கும், ஒரு பொருளைப் பிடிக்க முடியும் என்று டாக்டர் சொன்னார். ஈஸ்டர் முடிந்ததும் செய்வார்கள்.

குருவி கொஞ்ச நேரம் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள்.

விசாரணைக்கு இன்னும் இரண்டு தடவை போனேன். கேட்டார்கள், நின்றேன், வந்தேன்.

உன் முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

இப்படிக்கு,
தம்பி

*

ஏப்ரல் 3

தம்பிக்கு,

ஆஸ்பத்திரி, கட்டு, கரண்டி, முத்திரை எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு மட்டும் கடிதத்தில் இடம் இல்லை. வரிசை நீளமாக இருந்தது என்றால் என்ன அர்த்தம்? நிற்காமல் வந்துவிட்டாயா?

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். நேற்று வேலை செய்துகொண்டிருந்தபோது, ஒருவேளை நீதான் கழற்றியிருப்பாயோ என்று தோன்றிவிட்டது. அபராதம் என்று சொல்லி அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாயோ என்று. உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கே இப்படித் தோன்றினால் மானேஜருக்கு என்ன தோன்றும்? நினைத்ததும் எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது. ஆனால் நினைக்க வைத்தது நீ.

ஒரு வார்த்தை எழுது. இல்லை, வெறும் காகிதத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பு. கோடு இருந்தால் நீ செய்யவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ நினைத்ததில் எனக்குக் கோபம் இல்லை. யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கோடு போடவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் விசாரணைத் தாளில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எல்லாம் எழுதுகிறேன். அதுவரை என்னை நம்பிப் பொறுத்துக்கொள். அங்கே எல்லோருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
தம்பி

*

ஏப்ரல் 8

என் கண்ணான தம்பிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை, ஆனால் இனி அது வராவிட்டாலும் பரவாயில்லை. சுகமாக இரு, தைரியமாக இரு.

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாதத்தை வடிக்கும்போது பொறி தட்டியது. உன் பக்கம் பேசக் கூடாது என்றுதானே அபராதம்? குற்றத்தை ஒத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே. நீ கழற்றியிருந்தால் “ஆமாம், நான்தான்” என்று முதல் நாளே சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாய். அதற்குத் தடை இல்லை. நீ வாய் திறக்காமல் நிற்பதே நீ செய்யவில்லை என்பதற்குச் சாட்சி. வக்கீலின் அக்காவுக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது, பார்த்தாயா?

அபராதம் உனக்குத்தான், எனக்கு இல்லை. நீ ஆள் விட்டுச் சொல்லவும் இல்லை, நானாகச் செய்தேன். உன் மானேஜருக்கு நான்கு பக்கம் எழுதிப் போட்டுவிட்டேன். அபராதத்தைப் பற்றி, என் தம்பி ஏன் பேசாமல் நிற்கிறான் என்பதைப் பற்றி, எல்லாம். மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேளுங்கள் ஐயா, அங்கே யாராவது பார்த்திருப்பார்கள் என்றும் எழுதினேன். அத்தான் படித்துவிட்டு, “கல்லும் கரையும்” என்றார்.

இன்று இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டேன். உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள், முன்கூட்டியே.

இப்படிக்கு,
உன் அக்கா

*

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். மானேஜர் கை கொடுத்தார். உன் கடிதத்தை மேஜை மேல் வைத்திருந்தார். “உங்க அக்கா மாதிரி ஒருத்தர் எல்லாருக்கும் இருக்கணும்” என்றார்.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். கொஞ்சம் உட்கார்ந்து படி.

நீ சொல்லி நான் கோயிலுக்குப் போன அன்றைக்கு வரிசையில் நின்றேன். நின்று சொன்னேன். பங்குச் சாமியார் அந்த அபராதத்தை எடுத்துவிட்டார். “இனிமே பேசறதும் பேசாததும் உன் இஷ்டம், பொய் மட்டும் சொல்லாத” என்றார். ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். எனக்குத் தலையிலிருந்து மூட்டையை இறக்கியது போல இருந்தது. குருவியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு நேராக மானேஜரிடம் போவது என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கம்பியைக் கழற்றியது குருவிதான். ஆஸ்பத்திரித் துணியை ஏற்ற வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது, மிஷின் மூன்று தடவை நின்றுவிட்டது, நான் நீராவி குறைகிறதே என்று கொதிகலன் அறைக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் அவள் கழற்றி வைத்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது அவள் கை உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் மேஸ்திரி, “அவன்தானே கழட்டினான்?” என்று கேட்டிருக்கிறார். தலையாட்டிவிட்டாள். என்னைப் பார்த்ததும் அவளாகவே சொன்னாள்.

“நான்னு சொன்னா வைத்தியத்தை நிறுத்திடுவாங்களாம். அடிபட்டவங்களே கழட்டினா கம்பெனிக்குப் பொறுப்பு இல்லையாம். நீ போய் உண்மையச் சொல்லிடு. நான் உன்னை ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன், அக்கா. வாழ்க்கையில் முதல் தடவையாக நியாயம் முழுக்க என் பக்கம் இருந்தது, பேசத் தடையும் இல்லை. ஆனால் அந்த ஆபரேஷன் நடந்துவிடட்டும் என்றுதான் தோன்றியது. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். உனக்குச் சொன்னால் நீ சும்மா இருக்க மாட்டாய் என்று நினைத்துத்தான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது, அதற்கு நான் எந்தக் காரணமும் சொல்லப் போவதில்லை.

நீ சொன்ன நியாயம் மானேஜருக்குப் பிடித்துவிட்டது. எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். துணி மடிக்கும் பெண் பார்த்ததைச் சொல்லிவிட்டாள். ஆபரேஷனை நிறுத்திவிட்டார்கள். குருவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், வேலையிலிருந்தும்தான். ஆபரேஷன் செலவை ஏற்பது நாங்கள் எல்லோரும் சேர்ந்தாலும் நடக்கிற காரியம் இல்லை. மானேஜரிடம் போய்க் கெஞ்சினேன். மணிக்கணக்காகப் பேசினேன். எனக்காக நான் பேசியிருக்கக்கூடியதை எல்லாம் அவளுக்காகப் பேசினேன். “உண்மை தெரிஞ்ச பிறகு நான் என்னப்பா செய்ய முடியும்?” என்கிறார்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். இடது கையால் கதவைத் திறந்தாள். கோபமே இல்லை.

“உங்க அக்கா நல்லா எழுதுவாங்களாமே. எங்கம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினாங்க” என்றாள்.

நீ நல்லதை நினைத்துத்தான் செய்தாய். எனக்கு அது தெரியும்.

இப்படிக்கு,
தம்பி

*

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா? இங்கே அத்தானும் சின்னவளும் நலம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். பேனாவை எடுப்பேன், குருவியின் அம்மா அந்த ஆபீசில் நின்று என் நான்கு பக்கங்களைக் கேட்டுக்கொண்டிருப்பது கண் முன்னால் வரும். வைத்துவிடுவேன்.

மானேஜருக்கு மறுபடி எழுதினேன். போன கடிதத்தில் எழுதியது என் ஊகம்தான், அதை வைத்து யார் மேலும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று காலில் விழாத குறையாக எழுதினேன். தட்டச்சு செய்த இரண்டு வரிப் பதில் வந்தது. விசாரணை முடிந்துவிட்டதாம், என் ஒத்துழைப்புக்கு நன்றியாம்.

அத்தானிடம் சொல்லி அழுதேன். “உன் தம்பியைத்தானே காப்பாத்தின, இதுக்கு ஏன் அழற?” என்கிறார். டாக்டரும் அதையே சொன்னார். யாரிடம் சொன்னாலும் என்னைத்தான் மெச்சுகிறார்கள். உன்னை ஒரு நிமிஷமாவது சந்தேகப்பட்டேனே, அதைச் சரிக்கட்டத்தான் அவ்வளவு அவசரமாக எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. அதை அவர்களிடம் சொன்னால் புரியவில்லை.

நேற்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒரு பெண்ணின் கையை நான் கெடுத்துவிட்டேன் சாமி என்று ஆரம்பித்து, ஒரு காரணமும் சேர்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க உண்மையத்தானேம்மா எழுதினீங்க? பொய் ஒண்ணும் எழுதலையே. இதுல பாவம் எங்க இருக்கு?”

“இருக்கு சாமி, எனக்குத் தெரியும். பெருசா ஏதாவது குடுங்க. எத்தனை மாசமானாலும் செய்யறேன்” என்றேன்.

பாவம், என் மேல் இரக்கப்பட்டார். மனச் சமாதானத்துக்காக அருள்நிறை மந்திரம், அந்தச் சின்ன ஜெபம்தான், மூன்று தடவை சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்.

கோயில் வாசலில் செருப்பை மாட்டுவதற்குள் என் அபராதம் முடிந்துவிட்டது, தம்பி. திரும்ப உள்ளே போய் முழங்காலில் நின்று மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அப்போதும் முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
அக்கா